கூடம் கோணலா?

கணினி நிரல் எழுதும் தொழிலில் ஈடுபட்டோரிடையே, நாடு மொழி என்ற வேறுபாடின்றி வழங்கும் வாசகம் ஒன்றுண்டு: "என்னுடைய கணினியில் இயங்குகிறதே!" தம் மேசைமேல் குறைவின்றி இயங்கிய இணையச் செயலி ஒன்று, ஊரார் பயன்படுத்துவதற்காக வேறோர் இடத்திலுள்ள கணினியில் ஏற்றப்பட்டதும் இயங்க மறுக்கும்போது, அவர்கள் வாயினின்று முதலிலே பிறக்கும் சொற்கள் இவை. தொழிலாளரிடையே இது கேலிப்பேச்சாகவும் ஆகிவிட்டது. ஆயினும் சற்று நின்று நோக்கின், இவ்வாசகத்தினுள்ளே ஒழுக்கவியல் சார்ந்த வினா ஒன்று அடங்கியிருத்தல் புலனாகும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவரது கணினியில் அது இயங்கியது உண்மையே. அவ்வுண்மையைச் சொன்னதோடு அவரது கடமை முடிந்துவிடுகிறதா? ஒரு காரியம் ஓரிடத்தில் நடந்து மற்றோரிடத்தில் நடவாது போயின், அப்பிழை எவருடையது? பிழையைத் தேடப் புகுவோர் ஒரு குற்றவாளியைத் தேடவேண்டுமா, ஒரு காரணத்தைத் தேடவேண்டுமா?

நமது பழமொழி இதற்கு விரைந்து விடை தந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையைச் சூழலின்மேற் போடுவோரை நகைப்பதற்கென்றே நம் மூத்தோர் இதனை ஆக்கினர். அந்த நகைப்பில் நியாயமுண்டு. ஆனால் பழமொழி ஒரு கேள்வியைக் கேளாமலே விட்டுவிடுகிறது: கூடத்தை எவரேனும் அளந்து பார்த்தனரா? அளவாமலே கூடத்தைப் பழிப்பது எவ்வாறு நேர்மையன்றோ, அவ்வாறே அளவாமல் ஆடியவளைப் பழிப்பதும் நேர்மையன்று. இணையச் செயலியை முகிற் சேவைகளில் ஏற்றும்போது தோன்றும் பிழைகளும், அவற்றைத் தேடும் முறையும் இவ்விடயத்தில் நமக்குத் தெளிவு தரவல்லன.

முகிற் கணிமை என்ற பெயரால் வழங்கும் சேவைகளுள் ஹெரோக்கு மாணவர் பலர் அறிந்த ஒன்று. 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இதனை, சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் பெருங் கம்பனி வாங்குவதாக 2010 டிசெம்பரில் அறிவித்தது. நிரல் எழுதியவர் சேர்வர் ஒன்றைத் தாமே வாங்கிப் பராமரிக்க வேண்டியதில்லை; ஒரு கட்டளையால் நிரலை அனுப்பினாற் போதும்; அதற்கு வேண்டிய துணை நிரல்களைத் திரட்டி, பொதியாகக் கட்டி, டைனோ என்று பெயரிட்ட ஒரு சிறு கூட்டினுள் வைத்து இயக்கிவிடும் என்பதே அதன் கவர்ச்சி.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாடசாலை நூலகத்துக்கென ஒரு செயலி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நூல் எவரிடம் இருக்கிறது, என்று திரும்பி வரவேண்டும் என்பவற்றை அது காட்டும். வீட்டுக் கணினியில் ஒரு மாதமாகப் பிழையின்றி இயங்கிய செயலியை அவள் ஹெரோக்குவுக்கு அனுப்புகிறாள். அனுப்புதல் நிறைவேறியது என்ற செய்தியும் வருகிறது. முகவரியைத் திறந்தாலோ, செயலியிற் பிழை என்ற பொருள்பட ஒரு வெறும் பக்கமே தோன்றுகிறது. என்ன நேர்ந்தது?

கணினியினுள்ளே செய்திகள் புகும் வாயிலுக்குப் போர்ட் என்று பெயர். ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் எண் உண்டு. அவள் 3000 என்னும் எண்ணைத் தன் நிரலிலேயே எழுதிவைத்திருந்தாள். வீட்டில் அவ்வாயிலுக்கு வேறெவரும் உரிமை கோரவில்லை; ஆதலால் அது அவளுடையதாயிற்று. ஹெரோக்குவில் எந்த வாயில் என்பதைத் தீர்மானிப்பவள் அவள் அல்லள். டைனோ தொடங்கும்போது தளம் ஓர் எண்ணை ஒதுக்கி, சூழல் மாறி ஒன்றின் வழியாக அதனை நிரலுக்கு அறிவிக்கும். 60 விநாடிகளுக்குள் நிரல் அவ்வாயிலிற் செவிகொடாவிடின், அது தொடங்கத் தவறியதாகக் கொண்டு தளம் அதனை நிறுத்திவிடும். நிரல் 3000 ஆம் வாயிலிற் காத்து நின்றது. வந்தவர்களோ வேறு வாயிலிற் தட்டினர்.

அதனைத் திருத்திய பின்னும் வேறு பிழைகள் தலைகாட்டுகின்றன. நூலகத்தின் சின்னம் தோன்றவில்லை. கோப்பின் பெயரில் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாகவும், நிரலிற் சிறிய எழுத்தாகவும் இருந்தது. விண்டோஸ் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, அங்குள்ள லினக்ஸ் பொருட்படுத்தும். மாணவர் ஏற்றிய நூல் அட்டைப் படங்கள் மறுநாட் காலையில் மறைந்துவிடுகின்றன. டைனோ நாளுக்கு ஒருமுறையேனும் மீளத் தொடங்கும், அப்போது அதனுள்ளே எழுதப்பட்ட கோப்புகள் எஞ்சமாட்டா. அதிகாலை 5 மணிக்குப் பதிந்த இரவல், முந்திய நாளின் திகதியைக் காட்டுகிறது. அங்குள்ள கடிகாரம் சர்வதேச நேரத்தைப் பின்பற்றுவது, நமது நேரமோ அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே செல்வது.

இப்பிழைகள் ஒவ்வொன்றும் சிறியன. எனினும் அவை யாவும் சேர்ந்து ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒரு மாத காலம் வீட்டில் இயங்கியது அவளுடைய நிரல் மட்டுமன்று. நிரலும் அவ்வீட்டுக் கணினியின் சூழலும் கூடியே இயங்கின. ஒதுக்கப்படாத வாயில், எழுத்து வேறுபாட்டை மன்னிக்கும் இயங்குதளம், அழியாத வட்டு, உள்ளூர்க் கடிகாரம் என்பன எல்லாம் அவளுடன் சேர்ந்து உழைத்தன. அவ்வுழைப்பு அவள் கண்ணிற் படவில்லை. என்றும் இருப்பதும் எப்போதும் கிடைப்பதும் கண்ணிற் படுவதில்லை. நிழலின் அருமை வெயிலிற் போனாற்றான் தெரியும். செயலியை இடம்பெயர்த்தது எதனையும் கெடுக்கவில்லை. அது முன்னமே சார்ந்து நின்றவற்றை வெளிப்படுத்திற்று. 'என் கணினியில் இயங்குகிறதே' என்பவர் தம் ஆற்றலைப் பற்றிச் சொல்வதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் தம் சூழலைப் பற்றியே சாட்சியம் அளிக்கிறார்.

ஹெரோக்குவிற் பணியாற்றியோர் 2011 ஆம் ஆண்டளவில் பன்னிரண்டு கூறுகள் கொண்ட நெறித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். நிரல் சார்ந்து நிற்பவற்றையெல்லாம் வெளிப்படையாக எழுதி அறிவிக்க வேண்டும், இடத்துக்கு இடம் மாறுபவற்றை நிரலினுள்ளே புதைக்கலாகாது, ஆக்கும் இடமும் இயங்கும் இடமும் இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை தொழில்நுட்ப விதிகளாக வகுக்கப்பட்டவை. ஆயினும் நீ எவற்றிற்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதை மறையாது சொல் என்ற ஒழுக்க விதியாகவும் அவற்றை வாசித்தல் கூடும்.

இனி, தேடும் முறையை நோக்குவோம். பிழை கண்டவுடன் மனம் பரபரப்படைகிறது. மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பார்ப்போம் என்கிறது. எங்கோ கண்ட வரிகளைப் பொருள் விளங்காமலே நிரலிற் சேர்க்கச் சொல்கிறது. ஒரே வேளையில் ஐந்து இடங்களை மாற்றச் சொல்கிறது. இவற்றால் சிலவேளை செயலி இயங்கவுங்கூடும். அவ்வாறு இயங்குவது மந்திரத்தால் நோய் தீர்ந்தது போன்றது. எதனால் தீர்ந்தது என்று தெரியாதாகையால், மறுமுறை நோய் வரும்போது கையில் ஒன்றும் இராது. நேர்மையான வழி மெதுவானது. லொக் எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, முதற் பிழை எந்த வரியிலே தோன்றியதென்று பார்க்கவேண்டும். வெறும் பக்கம் வருவோருக்குக் காட்டப்படும் முகம். பதிவேடோ நடந்ததைச் சொல்லும் சாட்சி. பின்னர் ஒரு கருதுகோளை அமைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை நோக்கவேண்டும். நம் எண்ணத்தைச் சூழல் மறுக்குமாயின், மாறவேண்டியது நம் எண்ணமே.

அறியாது கைவைப்பதால் நேரும் கேட்டுக்கு வரலாற்றிற் பெருஞ் சான்று ஒன்றுண்டு. அது முகிற் சேவை சார்ந்ததன்று. ஆயினும் புதிய நிரலைச் சேர்வர்களில் ஏற்றும் வேலையில் நேர்ந்ததே. 2012 ஓகஸ்ட் 1 ஆம் நாள், அமெரிக்காவின் நைட் கப்பிட்டல் என்னும் தரகுக் கம்பனியின் பங்கு வர்த்தக நிரல் கட்டுமீறி ஓடத் தொடங்கிற்று. எட்டுச் சேர்வர்களில் ஏற்றப்பட வேண்டிய புதிய நிரல் ஏழில் மட்டுமே ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில், 2003 ஆம் ஆண்டு முதல் பயன்படாது கிடந்த பழைய நிரற்பகுதி விழித்துக்கொண்டு, ஓய்வின்றிக் கட்டளைகளை அனுப்பிற்று. பிழை எங்கேயென்று அறியாத நிலையில், சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினர். அதனால் கேடு மேலும் பெருகிற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நேர்ந்த நட்டம் 46 கோடி டொலருக்கும் அதிகம்.

இத்தகைய நிகழ்ச்சியின் பின்னர் எழும் முதற் குரல், 'யார் அந்த ஆள்?' என்பது. எட்டாவது சேர்வரை மறந்த தொழில்நுட்பவியலாளரைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் நீதி நிறைவேறியதாகப் பலர் எண்ணுவர். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 2013 ஒக்ரோபரில் வெளியிட்ட முடிவு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. ஏற்றப்பட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி கம்பனியில் இருக்கவில்லை. சந்தை திறப்பதற்கு முன்னரே பிழையைக் குறிக்கும் 97 மின்னஞ்சல்கள் உள்ளே சென்றும் எவரும் அவற்றைக் கவனிக்கவில்லை. இவற்றை எடுத்துக்காட்டி, ஆணைக்குழு கம்பனிக்கு 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

குற்றவாளி அகப்பட்டதும் தேடல் நின்றுவிடுகிறது; தண்டனைக்கஞ்சி உண்மையும் ஒளிந்துகொள்கிறது. இதனை உணர்ந்த சில தொழிற்கூடங்கள், பிழையின் பின் நடத்தும் விசாரணையில் எவரையும் பழிப்பதில்லை என்ற நெறியைக் கைக்கொண்டன. 2017 பெப்ரவரி 28 இல் அமேசன் கம்பனியின் தரவுக் களஞ்சியச் சேவை, வட வேர்ஜினியாப் பிராந்தியத்தில் நான்கு மணித்தியாலம் அளவுக்கு முடங்கிற்று. பணியாளர் ஒருவர் சில சேர்வர்களை அகற்றுவதற்கான கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாக இட்டார். அதனால் மிகப்பல சேர்வர்கள் அகன்றன. கம்பனி பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் அப்பணியாளரின் பெயரில்லை. ஒரு கை தவறினால் இவ்வளவு சேர்வர்கள் இவ்வளவு விரைவில் அகல்வதற்குக் கருவி இடங்கொடுத்தது ஏன் என்பதே அங்கு வினாவாயிற்று, கருவி திருத்தப்பட்டது.

அவ்வாறாயின் எவரும் எதற்கும் பொறுப்பில்லையா என்ற ஆட்சேபம் இவ்விடத்தில் எழும். அது தள்ளத்தக்கதன்று. 'அமைப்பின் பிழை' என்னும் சொற்றொடர் அமைப்பை ஆள்வோருக்கு நல்ல போர்வையாகவும் பயன்படலாம். குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதே நமது விடை. குற்றம் நடந்து முடிந்ததை நோக்கி ஓர் ஆளைச் சுட்டுவது. பொறுப்பு இனி நடக்க வேண்டியதை நோக்கி, நிலைமைகளை மாற்றும் ஆற்றல் எவரிடம் எவ்வளவு இருக்கிறதோ அவரிடம் அவ்வளவாகச் சேர்வது. கட்டளை இட்டவருக்குப் பொறுப்பு உண்டு. நடந்ததை மறையாது சொல்வது அது. கட்டளைக் கருவியை அமைத்தோருக்கும், வேலையின் வேகத்தை நிர்ணயித்தோருக்கும், இலாபத்தைப் பெற்றோருக்கும் அதனிலும் பெரிய பொறுப்பு உண்டு. சிறியவரைப் பழியினின்று விடுவிப்பதற்கு நாம் எடுத்த வாதத்தைப் பெரியவர் தமக்குரிய மன்னிப்பாக எடுத்துக்கொள்ள விடலாகாது.

கிட்லாப் என்னும் கம்பனியில் நடந்தது இதனை மேலும் தெளிவாக்கும். 2017 சனவரி 31 இல் அங்குள்ள பொறியியலாளர் ஒருவர், துணைச் சேர்வரில் அழிக்க எண்ணிய தரவுகளை முதன்மைச் சேர்வரில் அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடியபோது, அது பல நாட்களாக எடுக்கப்படவேயில்லை என்பது வெளியாயிற்று. பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்புடன் பொருந்தவில்லை. பிரதியெடுத்தல் தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், உரிய ஒப்பம் இல்லையென்று வாங்கப்படாமலே திருப்பப்பட்டன. நல்வாய்ப்பாக அதே பொறியியலாளர் ஆறு மணித்தியாலம் முன்னதாக வேறொரு தேவைக்கென எடுத்துவைத்த பிரதியே காப்பாற்றிற்று. அழித்த கையைக் குறைகூறுவது எளிது. எச்சரிக்கை எழுந்தும் செவிக்கு எட்டாதிருந்த ஏற்பாட்டை அக்கை உண்டாக்கவில்லை. கம்பனி, மீட்பு வேலை நடக்கும்போதே தன் குறிப்பேட்டை எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்தது. அத்திறந்த குறிப்பேட்டை வெற்றிச் செய்தி ஒன்றினும் மேலானதாக நாம் மதிக்கிறோம்.

இனிக் கூடத்துக்கு உரியோரைப் பற்றி ஒரு சொல். முகில் என்னும் பெயர் அழகியது. ஆயின் அது மறைக்கும் பெயர். முகிலுக்கு உடைமையாளர் இல்லை, அது எவர் தலைக்கு மேலும் செல்லும். நாம் பேசும் முகிலோ மின்சாரமும் நீரும் காவலும் வேண்டிய கட்டடங்களில் அடுக்கப்பட்ட கணினிகளே. ஹெரோக்குவும் அமேசனின் கணினிகள்மேல் நிற்பது. மாணவி தன் செயலியின் பதிவேட்டை வாசிக்கலாம். தளத்தின் பதிவேட்டை வாசிக்கும் உரிமை அவளுக்கில்லை. தளத்தார் எதனைச் சொல்கின்றனரோ அதனை நம்பவேண்டியவளாகவே அவள் இருக்கிறாள். 2017 இல் அமேசனின் சேவை முடங்கியபோது, சேவைகளின் நலத்தைக் காட்டும் பலகையையே இரண்டு மணித்தியாலம் வரை மாற்ற முடியவில்லை. அப்பலகையும் முடங்கிய சேவையையே சார்ந்திருந்தது. கூடம் சரிந்திருக்க, கூடம் நேரானது என்ற பலகை வாசலிற் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தை அளப்பதற்கன்றி, அதனுள்ளே புகுவதற்கே உரிமை வேண்டியதும் உண்டு. ஹெரோக்கு பல்லாண்டு காலம் இலவசத் திட்டம் ஒன்றை நடத்திற்று. உலகின் பல பகுதிகளில் மாணவர்கள் தம் முதற் செயலியை அதிலேயே ஏற்றினர். 2022 ஓகஸ்டில் அதனை நிறுத்தப்போவதாக அறிவித்து, நவம்பர் 28 முதல் நிறுத்தினர். அதன்பின் மிகக் குறைந்த கட்டணம் மாதம் 5 டொலர். அதே ஆண்டு ஏப்பிரில் 12 இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், நடுப்பகுதியில் 360 ரூபா அளவை எட்டிற்று. அமெரிக்க மாணவனுக்கு 5 டொலராக இருந்தது, நம் மாணவிக்கு ஏறத்தாழ 1,800 ரூபாவாயிற்று. இலவசத் திட்டங்களை மோசடிக்குப் பயன்படுத்துவோரைத் தடுப்பதிற் பெரும் உழைப்புச் செலவாகிறது என்பது கம்பனி கூறிய காரணம். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. மாணவர்களுக்கெனச் சலுகை ஒன்று பின்னர் ஏற்படுத்தப்பட்டதும் உண்மை. ஆனால் சலுகை உரிமையாகாது. ஆட்டத்திற் பிழையில்லை, கூடத்திலும் கோணலில்லை, கதவு மூடப்பட்டது. பிழை தேடும் கலையிற் சிறந்தவளும் தன் பதிவேட்டிலே இக்காரணத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சில காரணங்கள் நிரலுக்கு வெளியே, உடைமை உறவுகளிலே கிடக்கின்றன. அவற்றையும் காரணங்களென்று எண்ணிப் பழகாதவர் பிழையைப் பாதியளவே தேடியவராவர்.

கணினியைத் தொடாத ஆசிரியருக்கும் இவ்விடயம் அந்நியமன்று. 'நான் வகுப்பிற் படிப்பித்தபோது எல்லோருக்கும் விளங்கியதே' என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதுவும் பொய்யன்று. வகுப்பிலே கரும்பலகை இருந்தது, பக்கத்தில் தோழன் இருந்தான், ஐயம் தோன்றின் கேட்பதற்கு ஆசிரியர் இருந்தார். அச்சூழலும் மாணவனின் அறிவும் கூடியே கணக்கைச் செய்தன. பரீட்சை மண்டபத்தில் அவன் தனித்து நின்றபோது கணக்கு வரவில்லை. அவனைச் சோம்பேறி என்று எழுதிவிட்டு அடுத்த வினாத்தாளை எடுக்கலாம். அல்லது எந்த வரியில் முதற் பிழை தோன்றியதென்று பார்க்கலாம். முன்னது ஒரு நொடியில் முடியும். பின்னதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்நேரத்தை ஆசிரியருக்குக் கொடாதவர் எவர் என்ற வினாவும் உடன் எழும்.

நூலகச் செயலியை எழுதிய மாணவியிடம் நாம் எதிர்பார்ப்பது யாது? அவள் பிழையே விடாதிருக்க வேண்டும் என்பதன்று. கண்ட காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வாயில் எண்ணும் எழுத்து வேறுபாடும் கடிகாரமும் எவ்வாறு தன்னை ஏமாற்றின என்பதை, அடுத்து வருபவள் ஓர் இரவைத் தொலைக்காதவாறு சொல்லிவைக்க வேண்டும். கூடத்துக்கு உரியோரிடம் நாம் கேட்பதும் அதுவே: கூடத்தின் அளவுகளை மறையாது எழுதிவையுங்கள், கதவை மூடுமுன் உள்ளே நிற்போரை எண்ணிப் பாருங்கள். கூடம் கோணல் என்று சொன்னவளை நகைப்பதற்கு முன், அளவுகோலை அவள் கையிற் கொடுப்போம். அளந்த பின்னும் கூடம் நேராக இருப்பின், அவள் தானே ஆட்டத்தைத் திருத்திக்கொள்வாள். கோணலாக இருப்பின், அதனை நிமிர்த்தும் வேலை அவள் ஒருத்தியின் வேலையாகாது.